மலைக்காட்டில் இடனறிதல்

வள்ளுவர் இடனறிதலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அவர் கூறியது பகைமேற் செல்லும் வேந்தனுக்கு உரிய இடம். முதுகில் கூடாரத்தைச் சுமந்துகொண்டு இமயமலைக் காடுகளுக்குப் புறப்படும் மாணவனுக்குப் பகைவர் எவரும் இலர் என்றே தோன்றும். ஆயினும் இரவு எங்கே படுத்தான் என்பதைப் பொறுத்தே அவன் மறுநாள் எழுவதும் எழாததும் அமையக்கூடும். நம் சங்கத்து அன்பர் பலர் விடுமுறைதோறும் கட்வாலுக்கும் குமாவூனுக்கும் ஹிமாசலத்துக்கும் செல்கின்றனர். வழி எது, செலவு எவ்வளவு, எந்தக் காலணி நல்லது என்றெல்லாம் விசாரிக்கும் அவர்கள், கூடாரத்தை எங்கே அடிப்பது என்று கேட்பதில்லை. அதற்குக் காரணமும் உண்டு.

நம்மிற் பெரும்பாலோர் சமவெளியில் வளர்ந்தவர்கள். தஞ்சையில் நிலம் சமமாக இருப்பது இயல்பு, மேடுதான் வியப்பு. ஆகவே, நாள் முழுதும் ஏறி இறங்கிக் களைத்தபின் மலையில் ஒரு சமமான இடத்தைக் கண்டால், கூடாரத்துக்கென்றே இயற்கை அமைத்து வைத்த இடம் என்று மகிழ்ந்து மூட்டையை இறக்கிவிடுகிறோம். மலையில் கணக்கு நேர்மாறானது. அங்கே சரிவுதான் இயல்பு. ஒரு துண்டு நிலம் சமமாக இருக்கிறதென்றால், ஏதோ ஒன்று வந்து அதைச் சமமாக்கியிருக்கிறது. ஆறு மணலைப் பரப்பியிருக்கலாம்; ஓடை சேற்றையும் கல்லையும் கொட்டியிருக்கலாம்; மேலிருந்து பாறை சரிந்து குவிந்திருக்கலாம்; உழவன் மண்வெட்டியால் வெட்டியிருக்கலாம். இந்நிலத்தைச் சமன் செய்தவர் யார்? அவர் மீண்டும் வருவாரா? இன்றிரவே வரக்கூடுமா? முதல் முளையை அடிப்பதற்கு முன் கேட்கவேண்டியவை இவையே.

ஆற்றிலிருந்து தொடங்குவோம். மலை ஆற்றின் ஓரத்தில் வெண்மணலும் கூழாங்கல்லும் பரந்த திட்டுகள் ஆங்காங்கே இருக்கும். தண்ணீர் கைக்கெட்டும் தூரம், படுக்க மெத்தென்ற மணல், காட்சியோ சொல்லவேண்டியதில்லை. அந்த மணலை அங்கே வைத்தது சென்ற வெள்ளம். வைத்த பொருளை எடுத்துப்போக அடுத்த வெள்ளம் வரும். காட்டாறு என்ற நம் சொல்லிலேயே இவ்வெச்சரிக்கை அடங்கியிருக்கிறது.

வெள்ளத்தின் அளவை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டருக்குக் குறையாமல், ஏறத்தாழ 20 முதல் 30 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழையை இந்திய வானிலைத் துறை மேகவெடிப்பு என்று வரையறுக்கிறது. அதில் ஒரே ஒரு சதுர கிலோமீட்டரை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதன்மேல் விழுவது 1 லட்சம் கன மீட்டர், அதாவது 10 கோடி லிட்டர் நீர். சமவெளியாயின் வயலிலும் குளத்திலும் தேங்கும். செங்குத்தான சரிவிலோ அதிற் பெரும்பகுதி ஒரே ஓடையில் வந்து திரளும். வேகத்தின் கணக்கு இன்னும் கடுமையானது. நீரின் வேகம் இரட்டித்தால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை இரட்டிப்பதில்லை, 64 மடங்காகிறது. கல்லின் பக்க அளவை எல் எனக் கொண்டால், நீர் அதைத் தள்ளும் விசை எல்லின் இருபடிக்கும் வேகத்தின் இருபடிக்கும் ஏற்ப அமையும். கல்லின் எடை எல்லின் முப்படிக்கு ஏற்ப அமையும். இரண்டையும் சமன் செய்தால் எல் வேகத்தின் இருபடிக்கும், எடை வேகத்தின் ஆறாம் படிக்கும் ஏற்ப வரும். 19-ஆம் நூற்றாண்டிலேயே ஹாப்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்ட விதி இது. மாலையில் கணுக்கால் அளவே ஓடிய நீர் நள்ளிரவில் வண்டியளவு பாறைகளை உருட்டி வருவதில் மாயம் ஒன்றும் இல்லை.

மழை நம் தலைமேல் பெய்யவேண்டும் என்பதுமில்லை. 2022 ஜூலை 8 அன்று மாலை அமர்நாத் குகையை அடுத்த ஓடையில் வெள்ளம் பாய்ந்து, யாத்திரிகர் கூடாரங்களையும் அன்னதானக் கூடங்களையும் அடித்துச் சென்றது. குறைந்தது 15 பேர் மாண்டனர். அன்று 4.30 மணிக்கும் 6.30 மணிக்கும் இடையில் குகையருகே இருந்த மழைமானி காட்டியது 31 மில்லிமீட்டர் மட்டுமே. மேகவெடிப்பின் வரையறைக்கு அது எட்டவில்லை. மலையின் மேற்பகுதியில் பெய்த மழையே கீழே வெள்ளமாக வந்திருக்கவேண்டும் என்று வானிலையாளர் கூறினர். நம் கூடாரத்தின் மேல் விண்மீன்கள் ஒளிர்ந்துகொண்டிருக்கும்போதே இது நிகழலாம்.

அணைக்குக் கீழே உள்ள ஆற்றுப்படுகைக்கோ மழையே வேண்டாம். 2014 ஜூன் 8 அன்று மண்டி மாவட்டத்தில் பியாஸ் ஆற்றுப் படுகையில் இறங்கி நின்ற பொறியியல் மாணவர் 24 பேரை, மேலே லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் கொண்டுபோயிற்று. அவர்கள் ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா வந்தவர்கள், நம் வயதினர். இன்று இமயத்தின் பெரிய ஆறுகள் பலவற்றில் மின்நிலையங்களும் அணைகளும் உண்டு. படுகை உலர்ந்திருக்கிறது என்றால், நீர் மேலே தேக்கப்பட்டிருக்கிறது என்றுதான் முதலில் கொள்ளவேண்டும்.

பனியாற்றிலிருந்து வரும் ஓடைகளுக்கு ஒரு நாட்குறிப்பே உண்டு. இரவில் உருகுதல் குறைவதால் விடியற்காலையில் நீர் மிகக் குறைந்திருக்கும்; வெயில் ஏற ஏறப் பெருகி, பிற்பகலிலும் மாலையிலும் உச்சத்தை அடையும். ஊற்று தொலைவில் இருந்தால் உச்சம் இரவுக்கும் தள்ளிப்போகும். முற்பகலில் எளிதாகத் தாண்டி அக்கரையில் கூடாரம் அடித்தவர்கள் மாலையில் திரும்ப இயலாமல் நிற்பது இதனால்தான்.

அவ்வாறாயின் எவ்வளவு உயரம் போதும்? 'பத்தடி' என்றோ 'இருபதடி' என்றோ சிலர் விதி சொல்வர். எனக்கு அவ்விதிகளில் நம்பிக்கை இல்லை. குறுகிய பள்ளத்தாக்கில் இருபதடி ஒன்றுமேயில்லை. அளவுகோல் அந்த இடத்திலேயே இருக்கிறது. புதர்க்கிளைகளில் சிக்கிய வைக்கோல், வேரோடு வந்து கிடக்கும் கட்டை, அடிமரத்தில் படிந்த சேற்றுக்கோடு ஆகியவற்றுள் மிக உயர்ந்ததைத் தேடுங்கள். பிறகு செடிகளைப் பாருங்கள். ஓராண்டுப் பயிர்களே நிற்கும் திட்டு ஓராண்டுக்கு முன் நீருக்குள் இருந்தது. தொடைப் பருமனுள்ள மரங்கள் நேராக நிற்கும் இடத்தைப் பல ஆண்டுகளாக வெள்ளம் தொடவில்லை. மரத்தைப்போல் உண்மை பேசும் சாட்சி மலையில் வேறில்லை.

ஆற்றங்கரையை விட மக்களை அதிகம் ஏமாற்றும் நிலம் ஒன்று உண்டு. பக்கவாட்டில் இறங்கும் சிறு ஓடை பெரிய பள்ளத்தாக்கைச் சேரும் இடத்தில், விசிறியைப் போல் விரிந்த மெல்லிய சரிவு அமைந்திருக்கும். கட்வாலில் இத்தகைய ஓடையைக் கதேரா என்பர். ஆற்றுக்கு மேலே நன்கு உயர்ந்த இடம், புல் முளைத்திருக்கும், ஓடையில் நீரே இராது. யாரும் விரும்பும் இடம்தான். ஆனால் அந்த விசிறி முழுவதும், ஒவ்வொரு பெருமழையிலும் கதேரா கக்கிய சேறும் கல்லும். மேலும் ஓடை அவ்விசிறியின்மேல் ஒரே தடத்தில் ஓடுவதில்லை. ஒரு தடம் கல்லால் அடைபட்டால் வேறு பக்கம் தாவும். எனவே இன்றைய தடத்திலிருந்து தள்ளி நிற்பது போதாது. விசிறியையே விட்டு விலகவேண்டும். அதை அறிய எளிய வழி உண்டு: பள்ளத்தாக்கின் எதிர்க்கரையிலிருந்து ஒருமுறை நோக்குங்கள். மேலே நின்று பார்க்கப் புலப்படாத விசிறி, தொலைவிலிருந்து தெளிவாகத் தெரியும்.

இனி பாறை. கைலாச மானசரோவர யாத்திரைப் பாதையில், பித்தோராகட் மாவட்டத்தில், காளி ஆற்றங்கரையில் மால்பா என்ற ஊர் இருந்தது. செங்குத்தான பாறைச் சுவர்களின் அடியில் யாத்திரிகர்கள் தங்கும் முகாம் அங்கே அமைந்திருந்தது. 1998 ஆகஸ்ட் 18, விடியுமுன் இருளில் மலை சரிந்தது. யாத்திரிகர் ஏறத்தாழ 60 பேர் உட்பட 200-க்கும் மேற்பட்டோர் உறக்கத்திலேயே மறைந்தனர். பாறையின் வெடிப்புகளில் மழைநீர் நிறைந்தால் அதன் அழுத்தம் பாறைத் துண்டைப் பிரித்துத் தள்ளும். உயரமான இடங்களில் இரவில் உறைந்து பகலில் உருகும் நீரும் ஆப்பு அடிப்பதுபோல் அதையே செய்யும்.

ஆகவே கூடாரம் அடிக்குமுன் நிமிர்ந்து பாருங்கள். பிறகு குனிந்து பாருங்கள். தரையில் கிடக்கும் கற்கள் கூர்முனையோடும் வெளுத்த புதிய முகத்தோடும் இருந்தால் அவை அண்மையில் விழுந்தவை. கற்பாசி படர்ந்து, பாதி மண்ணில் புதைந்திருந்தால் பழையவை. கற்பாசி மிக மெதுவாக வளர்வது. மரங்களின் மேற்சரிவுப் பக்கத்தில் பட்டை உரிந்த காயம் இருந்தால் கல் அவ்வழியே உருள்கிறது என்று பொருள். அடிமரங்கள் எல்லாம் தூண்டில் முள்ளைப்போல் வளைந்து பின் நிமிர்ந்திருந்தால் மண் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. மரங்கள் பல திசைகளில் சாய்ந்து நின்றால் அச்சரிவில் ஒரு நிமிடமும் தாமதிக்கவேண்டாம்.

இவ்வளவும் கழித்தால் மிஞ்சுவது எது என்று கேட்கலாம். நிறையவே மிஞ்சும். ஆறு முன்னொரு காலத்தில் ஓடிக் கைவிட்டுத் தான் கீழே இறங்கிப்போன பழைய படிநிலங்கள் பள்ளத்தாக்குகளில் உண்டு. ஆற்றின் விளிம்பு அரிக்கும் பக்கத்தை விட்டு உட்புறமாகத் தங்கினால் அவை நல்லவை. மலைத்தோள் பட்டையாக அகன்ற இடங்கள், முதிர்ந்த தேவதாரு அல்லது பாஞ்ச் ஓக் காட்டின் உள்ளே அமைந்த சிறு மேடைகள், அறுவடை முடிந்த வயற்படிகள் ஆகியனவும் ஏற்றவை. வயலுக்கு உரியவரிடம் கேட்டுக்கொண்டுதான். கட்வாலின் பழைய ஊர்கள் பெரும்பாலும் ஆற்றங்கரையில் இல்லாமல் மேலே தோள்களில் அமைந்திருப்பதைக் கவனியுங்கள். தண்ணீர் சுமக்கும் வருத்தத்தை அவ்வூர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தாங்கியது வீணுக்கன்று. ஓர் இடத்தைப் பற்றி ஐயம் வந்தால், "இங்கே ஏன் யாரும் வீடு கட்டவில்லை?" என்று ஆடு மேய்க்கும் முதியவரிடம் கேளுங்கள். அரைகுறை இந்தியிலேனும் கேளுங்கள், விடை புரியும்.

மேட்டில் தங்குவதால் வேறொரு நன்மையும் உண்டு. தெளிந்த, காற்றில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்குக் கதிர்வீசி இழக்கிறது. அதைத் தொட்ட காற்றும் குளிர்கிறது. 10 பாகை குளிர்ந்த காற்று ஏறத்தாழ மூன்றரை விழுக்காடு அடர்த்தி மிகும். அது போதும், குளிர்காற்று நீரைப்போலச் சரிவில் வழிந்து பள்ளங்களில் தேங்கும். உயரம் கூடினால் குளிரும் கூடும் என்ற பள்ளிப்பாடம் இரவில் பள்ளத்தாக்கின் அடியில் பொய்த்துப்போகும். சற்று மேலே ஏறினால் சில பாகை வெதுவெதுப்பாகவே இருக்கும். மரக்கூரையின் கீழ்க் குளிரும் பனித்துளியும் குறைவதற்கும் இதுவே காரணம்: தரை அனுப்பும் கதிர்வீச்சை இலைகள் திருப்பி அனுப்புகின்றன. அதற்காக மேடு என்று சொல்லி மலைமுகட்டுக்கே ஏறிவிடலாகாது. அங்கே காற்றும் உண்டு, இடியும் உண்டு. மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று எண்ணுங்கள். 30 நொடிக்குக் குறைந்தால் முகட்டிலும் தனிமரத்தடியிலும் இருத்தல் ஆகாது. கூடாரத் துணி மின்னலுக்குத் தடையன்று.

மரத்தடி என்றால் எந்த மரத்தடி? பட்டுப்போன மரமும், தொங்கும் காய்ந்த கிளையும் இல்லாத இடம். கோடையில் சீர் பைன் காட்டையும் தவிர்ப்பது நலம். அதன் ஊசியிலைச் சருகைப் பிரூல் என்பர். பிசின் நிறைந்த அது ஒரு பொறியில் பற்றும். உத்தராகண்டத்தில் பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரை காட்டுத்தீக் காலம். நம் விடுமுறையும் அதற்குள்ளேயே வருகிறது. சரிவு 10 பாகை கூடினால் மேல்நோக்கிச் செல்லும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பர்; 30 பாகைச் சரிவில் அது எட்டு மடங்கு. 2018 மார்ச் 11 அன்று நம் தேனி மாவட்டக் குரங்கணி மலையில் மலையேறச் சென்றவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் மடிந்ததை மறந்திருக்க மாட்டோம். புல் அடர்ந்த சரிவின் நடுவே, கீழே தப்பிச் செல்ல வழியில்லாத இடத்தில் தங்கலாகாது.

கரடியும் சிறுத்தையும் பற்றிப் புதியவர்கள் அதிகம் அஞ்சுவர். அவை நடந்த தடத்தையும் நீர் குடிக்கும் துறையையும் விட்டு விலகி, உணவைக் கூடாரத்துக்கு வெளியே தொலைவில் வைத்தால் பெரும்பாலும் போதும். நீர்நிலையிலிருந்து 60 மீட்டருக்குக் குறையாமல் கூடாரமும் கழிப்பிடமும் அமையட்டும். கீழே உள்ள ஊர் அந்நீரையே குடிக்கிறது. மேலே புக்யால் எனப்படும் புல்வெளிகளில் இரவு தங்குவதை 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட உயர் நீதிமன்றம் தடை செய்தது. புறப்படுமுன் வனத்துறையிடம் அனுமதி பற்றிக் கேட்டறிக.

இவ்வளவையும் பார்ப்பதற்கு வெளிச்சம் வேண்டும். எனவே பிற்பகல் 3 மணிக்கே நடையை நிறுத்தி, மூட்டையை இறக்காமல் இடத்தைச் சுற்றி வரவேண்டும். கூடாரம் அடித்தபின், வாசலிலிருந்து மேட்டுக்குச் செல்லும் ஒரு வழியைத் தேர்ந்து, எல்லோரும் ஒருமுறை நடந்து பார்க்கட்டும். கைவிளக்கும் காலணியும் தலைமாட்டில் இருக்கட்டும். இரவில் ஓடையின் ஓசை திடீரென்று மாறினாலும், கல் உருளும் அதிர்வு கேட்டாலும், நீர் காரணமின்றிக் குறைந்தாலும் பொருள்களைத் திரட்டாமல் அவ்வழியே ஏறிவிடுங்கள். நீர் குறைவது மேலே எங்கோ அடைபட்டதன் அறிகுறி. அடைப்பு உடைவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லாது.