சூரியன் சீறினால் கரண்ட் போகுமா?

கேள்வி: சூரியப் புயல் அடித்தால் பூமியில் மின்சாரமே நின்றுவிடும் என்கிறார்களே, நிஜமா? நம் ஊரிலும் நடக்குமா?

பதில்: நிஜம்தான், நடந்தும் இருக்கிறது. 1989 மார்ச் 13, அதிகாலை 2.44 மணி. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மின்கட்டமைப்பு முழுவதும் ஒன்றரை நிமிடத்தில் சரிந்தது. அறுபது லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் குளிரில் தவித்தார்கள்.

சூரியன் உமிழ்ந்த மின்னூட்டத் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தை உலுக்கியதுதான் காரணம். காந்தப்புலம் வேகமாக மாறினால் மின்னோட்டம் பிறக்கும். பள்ளியில் படித்த ஃபாரடே விதியேதான். கியூபெக்கின் அடியில் இருப்பதோ மின்சாரத்தை எளிதில் கடத்தாத பழம்பாறை. போக்கிடம் தேடிய மின்னோட்டம் நீண்ட உயரழுத்தக் கம்பிகளில் ஏறி டிரான்ஸ்பார்மர்களைத் திணறடித்தது. மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் கருவிகள் அடுத்தடுத்து ட்ரிப் ஆயின. அதோடு எல்லாம் முடிந்தது.

தமிழ்நாட்டுக்கு இந்த ஆபத்து வெகு குறைவு. காந்த நடுக்கோடு நம் தென்கோடிக்கு அருகில் செல்கிறது. பெரிய அடி விழுவது துருவங்களை ஒட்டிய நாடுகளுக்கே. உடம்புக்கும் பயமில்லை, வளிமண்டலம் காக்கிறது.

ஆனால் செயற்கைக்கோள்கள் எல்லோருக்கும் பொது. 2022 பிப்ரவரியில் ஒரு மிதமான புயலே மேல் வளிமண்டலத்தைச் சூடாக்கி உப்பவைத்தது. அந்த உராய்வில், அப்போதுதான் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை விழுந்து எரிந்தன. ஜி.பி.எஸ்., விமானங்களின் ரேடியோ தொடர்பும் பிசகும். எனக்குக் கவலை தருவது இதுதான்.

இஸ்ரோவின் ஆதித்யா எல்-1 விண்கலம் பூமியிலிருந்து பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியனைக் கவனிக்கிறது. ஆனால் வேகமான புயல் அந்த இடத்தைக் கடந்தால், இங்கே வந்து சேர ஒரு மணி நேரம்கூட ஆகாது; அங்கிருந்து எச்சரிக்கக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான்.