பிறர் வாசலும் நம் வாகனமும்



வண்டலூர்–வாலாஜாபாத் நெடுஞ்சாலையில் இருக்கும் நம் படப்பையைச் சுற்றிலும் வாகனம் செய்கிற ஊர்களே இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் செய்யத் தொடங்கிற்று. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ–நிசான் ஆலையும், 2012-ல் டைம்லர் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. வேலை வந்தது, வீடுகள் பெருகின, வீட்டு வாசலில் வண்டியும் வந்து நின்றது. தெரு மட்டும் அகலவில்லை. அதனால் அயலாருக்குள் உண்டாகும் மனஸ்தாபம் கொஞ்சமல்ல. இதைக் குறித்துச் சில வினாக்களையும் விடைகளையும் கவனிப்போம்.

வினா: தெருவில் வண்டியை நிறுத்துவதே தப்பா?

விடை: தப்பல்ல, பிறருக்கு இடைஞ்சலாக நிறுத்துவதே தப்பு. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ம் பிரிவு, மற்றவர்களுக்கு அபாயமோ, தடையோ, தகாத தொந்தரவோ உண்டாகும்படி வண்டியைப் பொது இடத்தில் விடலாகாது என்கிறது. ஆகவே பிறர் வாசலை அடைத்தும், தெருத் திருப்பத்திலும், நடைபாதையிலும், நிற்கிற வண்டிக்குப் பக்கத்தில் இணையாகவும் நிறுத்தக்கூடாது. கேட்பாரற்றுப் பத்து மணி நேரத்துக்கு மேல் கிடக்கும் வண்டியை அப்புறப்படுத்தப் போலீசாருக்கு 127-ம் பிரிவு அதிகாரம் தருகிறது.

வினா: என் வீட்டுக்கு முன்னுள்ள இடம் எனக்குச் சொந்தந்தானே?

விடை: இல்லை. உம் வாசல் வழியை அடைக்காதிருக்கக் கேட்பது உமது உரிமை. மதிலுக்கு வெளியே கல்லையும் தண்ணீர் டிரம்மையும் வைத்து இடம் பிடிப்பது உமது உரிமையல்ல. பொதுவழியில் தடை உண்டாக்குகிறவருக்கு, 2023-ம் வருஷத்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ம் பிரிவு 5,000 ரூபாய் வரை அபராதம் வைக்கிறது. தடையாக நிற்பது காரா கல்லா என்று அது பேதம் பார்ப்பதில்லை.

வினா: ஐந்து நிமிஷம் நிறுத்தினால் என்ன குடி முழுகிவிடும்?

விடை: கணக்குப் போட்டுப் பாரும். தெரு இருபது அடி. கார் ஏறக்குறைய ஆறடி. இரண்டு பக்கமும் கார் நின்றால் நடுவில் எட்டடி மிஞ்சும். 108 ஆம்புலன்ஸ் அதிலே மட்டுமட்டாய் நுழையும். ஒரு கார் ஓரத்தை விட்டு ஓரடி தள்ளி நின்றால் அதுவும் நுழையாது. தீயணைப்பு வண்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம். மாரடைப்புக் கண்டவருக்கு ஐந்து நிமிஷம் அற்பமா? அதிகாலை ஷிப்டுக்குப் போகிற தொழிலாளி, தன் பைக்கை வெளியே எடுக்க முடியாமல் கம்பெனி பஸ்ஸைத் தவற விட்டால், அன்றையக் கூலியை யார் கொடுப்பது?

வினா: அயலார் சொல்லியும் கேளாவிட்டால்?

விடை: படிப்படியாய்ச் செய்யும்.

முதலாவது, கோபம் தணிந்தபின் தனியே போய்ப் பேசும். "அண்ணே, காலையில் அஞ்சு மணிக்கு வண்டி எடுக்கணும், கொஞ்சம் முன்னே தள்ளி விடுங்க" என்று தேவையைச் சொல்லும், குற்றம் சாட்டாதேயும்.

இரண்டாவது, தெருவார் கூடி ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். ஒரே பக்கமாய் நிறுத்துவது, கார்க் கண்ணாடியில் போன் நம்பர் எழுதி வைப்பது ஆகிய இரண்டாலேயே பாதிச் சண்டை ஒழியும்.

மூன்றாவது, அதற்கும் அடங்காதவரைப் பற்றிப் படத்தோடு போலீஸ் நிலையத்தில் எழுதிக் கொடும். அவசரமானால் 112-ஐக் கூப்பிடும்.

ஆனால் டயரில் காற்றைப் பிடுங்குவதும் வண்டியைக் கீறுவதும் ஒருக்காலும் வேண்டாம். வண்டியைச் சேதப்படுத்துவது குற்றம். அதோடு உம் பக்கத்து நியாயமும் போய்விடும்.

வினா: வருமுன் காக்க வழியுண்டா?

விடை: உண்டு. ஜப்பானில் 1962-ல் செய்த சட்டப்படி, கார் வாங்குகிறவர் அதை நிறுத்தத் தமக்கு இடம் உண்டென்று காட்டவேண்டும். சட்டம் கேளாவிட்டாலும், விலையை விசாரிக்குமுன் "எங்கே நிறுத்துவேன்?" என்று நம்மை நாமே கேட்கலாமே.

கடைசியாக நமக்கே ஒரு வார்த்தை. ஞாயிறு பூசைக்கு நேரமாகிவிட்டதென்று, கோயில் பக்கத்து வீட்டார் வாசலில் வண்டியை விட்டுவிட்டு உள்ளே ஓடுகிறோம். நாம் பிறர்சிநேகப் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருக்கையில், வெளியே ஒருவர் வண்டியை எடுக்க வழியின்றி நிற்கிறார். நம் பிரசங்கத்தை அவர் கேட்கிறதில்லை; நம் வண்டியைத்தான் பார்க்கிறார்.

இவ்வார நற்பிரதிக்கினை: வண்டியைப் பூட்டுமுன் ஒருதரம் திரும்பிப் பார்த்து, "இந்த வீட்டிலிருந்து ஒரு நோயாளியை இப்போதே தூக்கிவர நேர்ந்தால் வழியுண்டா?" என்று கேட்பேன். இல்லையென்றால் வண்டியை வேறிடத்தில் விட்டு நடந்து வருவேன்.