சுண்டெலியின் இழையத்திற் புரதத்தை அளத்தல்

களத்து நெல்லை மரைக்காலால் அளப்பதும், கரையேறிய மீனைத் தராசில் நிறுப்பதும் சாய்ந்தமருதில் யாம் நன்கறிந்த காட்சிகள். கண்ணுக்குப் புலனாகும் பொருளை அளத்தல் எளிது. ஒரு சுண்டெலியின் ஈரலில் இன்ன புரதம் இவ்வளவு உண்டென அறிவது எங்ஙனம்?

இதனை அறிவதாற் பயன் யாதெனின், கூறுதும். ஈரற் கலத்திலும் மூளைக் கலத்திலும் உள்ள பரம்பரையலகுகள் ஒன்றே. ஆயினும் ஈரல் ஈரலாகவும் மூளை மூளையாகவும் இயங்குவது, எப்புரதம் எவ்விடத்து எத்துணை உண்டு என்பதனாலேயாம். நோய் பலவும் அவ்வளவையே மாற்றுகின்றன.

இழையத்தை அரைத்துப் புரதங்களைப் பிரித்தெடுத்து, நொதியத்தினாற் பெப்தைட்டுகள் எனும் சிறு துண்டுகளாக்குவர். அவற்றுக்கு மின்னேற்றமளித்துத் திணிவுத் திருசியமானியிற் செலுத்த, அக்கருவி திணிவுக்கும் ஏற்றத்துக்குமுள்ள விகிதத்தைக் காட்டும். பெரிய மூலக்கூறுகளைச் சிதையாமல் அயன்களாக்கும் வழிகளைக் கண்டமைக்காக ஜோன் பென், கொய்ச்சி தனாக்கா ஆகியோர் 2002 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசிற் பங்குபெற்றனர்.

எனினும், எல்லாத் துண்டுகளும் ஒரேயளவில் ஏற்றம் பெறுவதில்லை. ஆதலின் குறியின் உயரத்தை மட்டுங்கொண்டு அளவைத் துணிதல் இயலாது. ஒப்பிடுதற்குப் படிக்கல் வேண்டும். 2008 இல் ஜேர்மனியின் மத்தியாஸ் மான் குழுவினர் உயிருள்ள எலியையே படிக்கல்லாக்கினர். ஆறு காபன் அணுக்களும் 13 திணிவெண்ணுடைய சமதானியாய் அமைந்த லைசினை உணவிற் கலந்து, தலைமுறையாக எலிகளுக்கு ஊட்டினர். அவற்றின் இழையப் புரதத்தைச் சாதாரண எலியினதோடு சம அளவிற் கலந்தால், லைசினொன்றுடைய துண்டு ஒவ்வொன்றும் திணிவில் ஆறு அலகு வேறுபட்ட இரட்டைக் குறியாகத் தோன்றும். அவ்விரண்டின் விகிதமே விடை. இவ்வழியே நின்று 28 எலி இழையங்களில் 7,349 புரதங்களை இனங்கண்ட செய்தி 2013 இல் வெளியாயிற்று. அடுத்த ஆண்டிற் பெங்களூர் ஆய்வாளரும் அமெரிக்க ஆய்வாளரும் கூடி, 17,294 பரம்பரையலகுகளின் புரதங்களைக் காட்டும் மனித வரைபடமொன்றை இக்கருவியின் துணையால் ஆக்கினர்.

மாணவர் மறவாதிருக்கவேண்டியது ஒன்றுண்டு. குருதி நீங்கக் கழுவாத இழையத்திற் குருதிப் புரதங்கள் மிகுந்து தோன்ற, அருகியுள்ளவை மறைந்துவிடும். கருவி காணாதது இல்லாததாகிவிடாது. தமிழாசிரியனாகிய யான் ‘காணேன்’ என்பதற்கும் ‘இல்லை’ என்பதற்கும் உள்ள வேற்றுமையை வகுப்பிற் கற்பிப்பவன். ஆய்வுகூடத்திலும் அவ்வேற்றுமை பேணப்படல் வேண்டும். ஓருயிரைப் போக்கிப் பெற்ற அளவு பிழைபடுமாயின், அவ்வுயிர் வீணே போயிற்றாம்.