ஃபிலிம் கேமராவில் வேண்டாத ஒளி: ஹூடா, கோட்டிங்கா, கைநிழலா?

லென்ஸுக்குள் நுழையும் ஒளி முழுவதும் படமாவதில்லை. ஒரு பங்கு கண்ணாடிகளுக்கு இடையே எதிரொளித்து அலைந்து, நிழற்பகுதிகளை வெளிற வைக்கும். வெளிச்சப் பொட்டுகளாகவும் விழும். இதுவே ஃபிளேர்.

எதையும் வாங்குமுன் கழுவிய நெகடிவைப் பார்க்க வேண்டும். கருமை படச்சட்டத்தைத் தாண்டி ஓரத் துளைகள் வரை பரவியிருந்தால் குற்றம் பெரும்பாலும் லென்ஸுடையது அல்ல. கேமராவின் பின்கதவில் ஒளி கசிகிறது. 1970-80களின் கேமராக்களில் கதவோர நுரைப்பஞ்சு இன்று பிசுபிசுத்து உதிர்வது வழக்கம். அதைச் சுரண்டி எடுத்துப் புதிதாக ஒட்டுவதே வழி.

கோளாறு லென்ஸில்தான் என்றால் முதலில் கழற்ற வேண்டியது யூவி ஃபில்டர். அது இரண்டு கண்ணாடிப் பரப்புகளைக் கூட்டுகிறது. இரவில் தெருவிளக்குகளுக்குத் தலைகீழ் இரட்டைகள் தோன்றுவது பெரும்பாலும் அதனால்தான்.

கோட்டிங் இல்லாத பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். 1896-இல் பால் ருடால்ஃப் வடிவமைத்த பிளானார் லென்ஸில் காற்றைத் தொடும் பரப்புகள் எட்டு. 1902-இன் டெஸ்ஸாரில் ஆறு. திறமையான பிளானார் நெடுங்காலம் டெஸ்ஸாருக்குப் பின்னால் நின்றதற்கு இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம். 1935-இல் ஸைஸ் நிறுவனத்தின் ஸ்மக்குலா கோட்டிங் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஒற்றைக் கோட்டிங் எதிரொளிப்பைப் பாதிக்கும் கீழே குறைக்கிறது. 1970களில் பரவிய பல்லடுக்குக் கோட்டிங் அதையும் வெகுவாகக் குறைத்தது. கோட்டிங் இல்லாத பழைய லென்ஸே வேண்டுமென்றால் கண்ணாடித் தொகுதிகள் குறைந்ததை எடுப்பது நல்லது. டார்ச் அடித்து உட்புறத்தில் மங்கல் படிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ‘பழைய லென்ஸின் அழகு’ என்று விற்கப்படுவது சில சமயம் வெறும் அழுக்கு.

சூரியன் சட்டத்துக்கு வெளியே இருக்கும்போது கோட்டிங்கைவிட ஹூடே பெரிய காவல். ஒளியை வாசலிலேயே மறிக்கிறது. ரப்பர் ஹூட் மலிவு, பையில் மடங்கும். உலோக ஹூட் முன்விளிம்பை அடியிலிருந்தும் காக்கும். 50 மி.மீ. லென்ஸின் ஹூடை 28-இல் மாட்டினால் மூலைகள் இருண்டுவிடலாம். பல எஸ்.எல்.ஆர். வியூஃபைண்டர்கள் முழுச் சட்டத்தையும் காட்டாததால் இது கண்ணில் படாது. ஃபிலிம் போடுமுன் பின்கதவைத் திறந்து, ‘பி’யில் ஷட்டரைப் பிடித்து, சிறிய அப்பெர்ச்சரில் சட்டத்தின் மூலையிலிருந்து லென்ஸ் வழியே பார்த்தால் ஹூட் மறைக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

காசில்லாத வழி கைநிழல். நிழல் முன்கண்ணாடியில் விழ வேண்டும், விரல் படத்தில் விழக் கூடாது. டெலி லென்ஸில் இது எளிது. அகலக் கோண லென்ஸில் விரல் நுழைந்துவிடும். ரேஞ்ச்ஃபைண்டரிலோ பார்வை லென்ஸ் வழியே போவதில்லை. ஃபிளேரும் தெரியாது, விரலும் தெரியாது. அங்கே ஹூடே உத்தமம். பார்வையை மறைக்காதிருக்கச் சாளரம் வெட்டிய ஹூடுகள் அதற்கென்றே உண்டு.

சூரியனே சட்டத்துக்குள் இருந்தால் ஹூடும் கையும் உதவா. கோட்டிங்கை நம்பலாம், இல்லையேல் ஓரடி நகர்ந்து சூரியனை ஒரு மரத்துக்குப் பின்னால் ஒளிக்கலாம்.