பெரிய பொறியியல் நிறுவனத்தில் பணி: வரவும் செலவும்

பொறியியல் பட்டம் பெற்ற மகனோ மகளோ பணி நியமனக் கடிதத்துடன் வீட்டிற்கு வரும் நாளில், குடும்பத்தார் முதலில் கேட்பது நிறுவனத்தின் பெயர்; அடுத்துக் கேட்பது சம்பளம். கையொப்பமிடும் முன் இவ்விரண்டிற்கும் அப்பால் சிலவற்றை ஆராய்வது நன்று.

நன்மைகளை முதலில் காண்போம். 1938-இல் மும்பையில் டென்மார்க் பொறியாளர் இருவர் தொடங்கிய லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனமே குஜராத்தில் 182 மீட்டர் உயர ஒற்றுமைச் சிலையை எழுப்பியது. இத்தகைய பெரும்பணிகளில் பங்குபெறும் வாய்ப்பு சிறு நிறுவனங்களில் அரிது. மூத்த பொறியாளரின் வழிகாட்டுதல், முறையான பயிற்சி, பாதுகாப்பு விதிகளைப் பிறழாது பின்பற்றும் பழக்கம் ஆகியவை வாழ்நாள் முழுவதும் துணைநிற்கும்.

இனிக் குறைகள். பணி பல துறைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒரு குழாயின் வரைபடத்தையே ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க நேரலாம். பதவி உயர்வு வரிசைப்படியே வரும். கட்டுமானத் தளமெனில், ஒரு திட்டம் முடிந்ததும் வேறு மாநிலத்திற்குப் பெயர வேண்டியிருக்கும். பிள்ளைகளின் பள்ளியும் முதிய பெற்றோரும் ஓரிடத்தில், பணி வேறிடத்தில் என்றானால், ஒரே வருமானத்தில் இரண்டு குடும்பச் செலவு நடைபெறும். தளப்படி அதனை ஈடுசெய்யுமா என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். போபால், ஹரித்துவார், திருச்சி ஆகிய இடங்களிலுள்ள பாரத மிகுமின் நிறுவன ஆலைகள் போன்றவற்றில் குடியிருப்பு வசதியுடன் ஓரிடத்தில் வாழ இயலும். ஆகவே, எந்த நிறுவனம் என்பதைப் போலவே, அதில் எந்தப் பிரிவு என்பதும் முக்கியம்.

கடிதத்தில் காணும் ஆண்டுத் தொகை முழுவதும் கைக்கு வராது. அதில் நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்புநிதிப் பங்கும், சில இடங்களில் பணிக்கொடை ஒதுக்கீடும் அடங்கியிருக்கும். வைப்புநிதிக்குப் பணியாளரின் பங்காக 12 விழுக்காடு பிடித்தம் செய்யப்படும். நிரந்தரப் பணியாளர் 5 ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றினால், ஆண்டொன்றுக்கு 15 நாள் ஊதியம் பணிக்கொடையாகக் கிடைக்கும். கணக்கிற்குரிய கடைசி மாத ஊதியம் 30,000 ரூபாய் எனில், அதனை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 5-ஆலும் பெருக்க ஏறத்தாழ 86,500 ரூபாய் வரும். நான்காம் ஆண்டின் முடிவிலேயே விலகுபவர் இதனை இழப்பார். விலகும்போது வைப்புநிதியை எடுத்துச் செலவிடாமல், புதிய கணக்கிற்கு மாற்றுவதே அறிவுடைமை.

கல்விக்கடன் பெற்றோர் மற்றொன்றையும் கருத வேண்டும். படிப்பு முடிந்து பொதுவாக ஓராண்டில் தவணை தொடங்கிவிடும். பணி ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட காலத்திற்குமுன் விலகினால் ஈட்டுத்தொகை கட்ட வேண்டுமா என்பதைக் கையொப்பமிடும் முன்பே படித்தறிய வேண்டும். இல்லையேல், தவணையும் ஈட்டுத்தொகையும் ஒருசேரச் சுமையாகும்.

பணியிடம், பிரிவு, கைக்கு வரும் தொகை, ஒப்பந்தக் காலம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக் குடும்பத்துடன் அமர்ந்து ஆராயுங்கள். நிறுவனத்தின் பெருமை உங்களுக்கும் பயன்தருமா என்பது அப்போது விளங்கும்.