இலை மஞ்சளானால் எந்தச் சத்து குறைவு?



இயற்கை எரு மட்டும் போட்டுக் காய்கறி வளர்க்கிற நம் உறுப்பினர்கள் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "எரு நிறையத்தான் போட்டோம், அப்புறம் ஏன் செடி மஞ்சளாவே நிக்குது?" கேட்டவுடன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், "இன்னும் ரெண்டு கூடை எரு போடுக்கா" என்பார். கடையில் கேட்டால் வளர்ச்சி டானிக் என்று ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுவார்கள். இருவருமே இலையைப் பார்க்காமல் சொல்கிறார்கள். குழுக் கடன் வாங்கி 20 சென்ட், 30 சென்ட் குத்தகை எடுத்துப் பயிர் வைத்திருக்கிற நமக்கு, பார்க்காமல் வாங்கும் பாட்டில் ஒவ்வொன்றும் தவணைப் பணத்தில் கை வைக்கிற செலவு. ஆகவே இந்த மாதப் பாடம், இலையைப் பார்த்து என்ன குறை என்று கண்டுபிடிப்பது.

மேல் இலையா, கீழ் இலையா?

ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க நர்சம்மா நம் கண்ணின் கீழ் இமையைத்தான் முதலில் இழுத்துப் பார்ப்பார். செடியில் அப்படிப் பார்க்க வேண்டிய இடம் இரண்டு: அடி இலை, நுனி இலை. மஞ்சள் எங்கே ஆரம்பித்தது என்று தெரிந்தாலே பாதி விஷயம் தெரிந்த மாதிரி.

காரணம் இதுதான். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, மக்னீசியம் ஆகியவை செடிக்குள் நகரக் கூடியவை. இவற்றுக்குத் தட்டுப்பாடு வந்தால் செடி தன் பழைய இலையிலிருந்து எடுத்து இளந்தளிருக்குக் கொடுத்துவிடும். வீட்டில் சோறு குறைந்தால் நாம் என்ன செய்வோம்? பிள்ளைக்குப் போட்டுவிட்டு நாம் தண்ணீர் குடிப்போம் இல்லையா, அது போலத்தான். அதனால் அடி இலை முதலில் வாடும். இரும்பு, சுண்ணாம்பு, போரான் அப்படி நகராது. துத்தநாகமும் கந்தகமும்கூட அதிகம் நகராது. இவை குறைந்தால் நுனியும் புது இலையும்தான் முதலில் காட்டும்.

அடி இலை முழுவதும், நரம்பு உட்பட, ஒரே மாதிரி வெளுத்து, செடியும் குட்டையாக நின்றால் தழைச்சத்துக் குறைவு. நரம்பு பச்சையாகவே இருந்து, நரம்புக்கு நடுவில் மட்டும் மஞ்சளானால் மக்னீசியம். அடி இலையின் ஓரம் மட்டும் தீய்ந்த மாதிரி பழுப்பானால் சாம்பல் சத்து. இலை கரும்பச்சையாகி, அடிப்பக்கம் ஊதா ஓடினால் மணிச்சத்து. இதில் நம் ஊருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கம் மார்கழி, தையில் குளிர் கடுமை. அப்போது தக்காளி நாற்று ஊதாவாக மாறுவது சகஜம். மண்ணில் மணிச்சத்து இருக்கும், குளிரில் வேர் அதை இழுக்காது. வெயில் ஏறியதும் தானாகச் சரியாகிவிடும். அதற்குப் போய்ச் செலவு செய்ய வேண்டாம்.

இனி நுனிக்கு வருவோம். புது இலை நரம்பு பச்சையாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும், முற்றிப் போனால் வெள்ளையாகவும் இருந்தால் இரும்புக் குறைவு. ரோஜாத் தோட்டங்களில் வேலைக்குப் போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். புது இலை சிறுத்து, கணுக்கள் நெருங்கி, கொத்தாக நின்றால் துத்தநாகம். மாவிலும் இப்படிச் சின்ன இலைக் கொத்து வரும். நுனிக்குருத்து கருகினாலோ, காலிஃபிளவர் பூ பழுப்பாகி, தண்டை வெட்டினால் உள்ளே கூடாக இருந்தாலோ போரானைச் சந்தேகப்பட வேண்டும். புது இலை எல்லாம் நரம்போடு சேர்த்து ஒரே சீராக வெளுத்தால் கந்தகம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் 2009-ல் 'பூசேதனா' என்ற திட்டம் தொடங்கி, இக்ரிசாட் நிறுவனம் ஆயிரக்கணக்கான வயல்களில் மண் எடுத்துப் பார்த்தது. கந்தகம், துத்தநாகம், போரான் மூன்றும் பல இடங்களில் குறைவாக இருந்தன. மானாவாரிச் செம்மண் என்றால் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கமும் மண் வேறு ஜாதி இல்லை. எனவே நுண்சத்தை நாமும் மறந்துவிடக் கூடாது.

எரு இருக்கு, சத்து எங்கே?

கன்னடத்தில் கொப்பரம், தெலுங்கில் எருவு, தமிழில் எரு. நம் பக்கம் மூன்று பேச்சும் உண்டு, மூன்றிலும் ஒரே நம்பிக்கைதான்: போட்டால் விளையும். ஆனால் எரு என்பது உலையில் போட்ட அரிசி மாதிரி. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் 'சமைத்து'க் கொடுத்தால்தான் வேர் சாப்பிட முடியும். ரசாயன உரம் உடனே கரையும், எரு அப்படி இல்லை. அங்கக மண்ணில் குறை வரும்போது மூன்று கேள்வி கேட்க வேண்டும்: சத்து உண்மையிலேயே இல்லையா, இருந்தும் வேகவில்லையா, வெந்தும் வேர் எடுக்க முடியவில்லையா?

முதல் கேள்விக்குக் கணக்குப் போடலாம். ஒரு டன் தொழுவுரத்தில் தழைச்சத்து ஏறக்குறைய 5 கிலோதான். அதிலும் முதல் பயிருக்குக் கிடைப்பது ஒரு பங்கு மட்டும். நூறு கிலோ கடலைப் புண்ணாக்கில் ஏறக்குறைய 7 கிலோ, வேப்பம் புண்ணாக்கில் 5 கிலோ. முட்டைக்கோஸ் போலப் பசி அதிகமுள்ள பயிருக்குத் தொழுவுரம் மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்தால் போதாது. புண்ணாக்கு சேர்க்க வேண்டும், அல்லது முன்னதாகச் சணப்பை, தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும்.

இரண்டாவதில்தான் நம் உறுப்பினர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரு குழு உறுப்பினர் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று மக்காத தென்னை நார்க்கழிவும் மரத்தூளும் வாங்கி, பாத்தி பூராவும் கொட்டிப் பீன்ஸ் போட்டார். பதினைந்தாம் நாள் செடி எல்லாம் வெளுத்துவிட்டது. சத்து போதவில்லை என்று மறுபடியும் அதையே கொட்டினார். நாரிலும் தூளிலும் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அதை மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் தங்கள் சாப்பாட்டுக்கு மண்ணில் இருக்கிற தழைச்சத்தையும் பிடுங்கிக் கொள்ளும். போடப் போடப் பஞ்சம் அதிகமாகும். பச்சைச் சாணி போட்டாலும் வேறு விதத்தில் தொல்லைதான், வேர் சூட்டில் கருகும். அந்த உறுப்பினரிடம் மேலே கிடந்ததை வாரி எடுக்கச் சொன்னோம். கோமியம் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து வேரில் ஊற்றி, கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீரும் விட்டார். புது இலைகள் பச்சையாக வந்தன. முதலில் வெளுத்த இலைகள் தேறவில்லை. வாரிய நாரைச் சாணிக் கரைசலுடன் குழியில் போட்டு மக்க வைத்திருக்கிறார்.

எரு மக்கிவிட்டதா என்று அறிய வழி சுலபம். கையில் எடுத்தால் மழை பெய்த மண் வாசம் வரவேண்டும், சாணி நாற்றம் கூடாது. குவியலுக்குள் கை விட்டால் சூடு இருக்கக் கூடாது. ஒரு தொட்டியில் அந்த எருவும் மண்ணும் பாதிக்குப் பாதி போட்டு முள்ளங்கி விதை பத்துப் போடுங்கள். எட்டு, ஒன்பது நன்றாக முளைத்து வளர்ந்தால் எரு தயார்.

மூன்றாவது, வேர் எடுக்க முடியாத நிலை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டவுடன் டீ குடிக்காதீங்க என்று நர்சம்மா சொல்வது ஞாபகம் இருக்கிறதா? டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. மண்ணில் சுண்ணாம்பும் உவர்ப்பும் அதே வேலையைச் செய்யும். நம் செம்மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை, நிறமே அதுதானே! ஆனாலும் உப்புக்கரிக்கிற போர்த் தண்ணீரை வருஷக்கணக்கில் பாய்ச்சினாலோ, அடுப்புச் சாம்பலைத் தினமும் ஒரே பாத்தியில் கொட்டினாலோ மண் காரமாகி இரும்பும் துத்தநாகமும் பூட்டிக் கொள்ளும். சாம்பல் நல்ல சாம்பல் சத்துதான். மண்ணைப் பரிசோதித்துவிட்டு அளவாகப் போடுங்கள். தண்ணீர் தேங்கி நின்றாலும் மூச்சு முட்டி வேர் இரும்பை எடுக்காது. இதற்கு மருந்து உரம் அல்ல, வடிகால்.

தக்காளியின் அடிப்பக்கம் கருத்துக் குழி விழுவதும் இந்தக் கணக்குதான். அது சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்பது சரி. ஆனால் பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்பு இருக்கும். ஒரு வாரம் காயவிட்டு, மறுவாரம் வெள்ளமாக விட்டால் அது காய்க்குப் போய்ச் சேராது. தண்ணீரைச் சீராக விட்டு, மூடாக்குப் போட்டால் அடுத்த காய்கள் நன்றாக வரும்.

சத்துக் குறை போலவே தெரியும் வேறு கோளாறுகள்

இலையைத் திருப்பிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். அடியில் சிலந்திப்பேன், வெள்ளை ஈ இருந்தாலும் மஞ்சளாகும். ஒரு செடி மட்டும் சுருண்டு பக்கத்துச் செடிகள் நன்றாக இருந்தால் வைரஸாக இருக்கலாம். சத்துக் குறை என்றால் பெரும்பாலும் பாத்தி முழுக்க ஒரே மாதிரி காட்டும். ஒரு செடியைப் பிடுங்கி வேரையும் பாருங்கள். பீன்ஸ் வேரில் விரலால் தட்டினால் உதிர்கிற உருண்டைகள் நல்லவை, கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும், அவை தழைச்சத்து சேமிக்கிற முடிச்சுகள். உதிராமல் வேரே வீங்கிக் கிடந்தால் நூற்புழு. அதற்கு வேப்பம் புண்ணாக்கும், இடையில் செண்டுமல்லியும் உதவும்.

நம் வட்டாரத்துக்கே உரிய இன்னொன்று. பெங்களூரு பக்கமிருந்து தென்பெண்ணையில் வருகிற தண்ணீர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி நின்ற படங்களைப் பல வருஷம் பத்திரிகையில் பார்த்தோம். கழிவு கலந்த தண்ணீரில் உப்பு அதிகமாக இருந்தால் இலை ஓரம் கருகும், பார்த்தால் சாம்பல் சத்துக் குறை மாதிரியே இருக்கும். மண் மேல் வெள்ளை படிந்திருந்தால் உப்பு என்று சந்தேகப்படுங்கள். அங்கே சாம்பல் போட்டால் இன்னும் கெடும். மண்ணோடு தண்ணீரையும் சோதனைக்குக் கொடுங்கள். அதே போல, ஆலைக் கழிவுத் தொட்டிச் சேற்றை 'எரு' என்று யாராவது இலவசமாகக் கொட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குரோமியம், நிக்கல், காட்மியம் போன்ற உலோகங்கள் அதில் இருக்கலாம். அவை மக்காது, கீரை வழியாக நம் பிள்ளைகள் தட்டுக்கே வரும்.

ஒரு இலையில் சோதனை

சந்தேகம் தீரவில்லையா? தோட்டம் முழுக்கத் தெளிக்க வேண்டாம், ஒரே ஒரு செடியில் பாருங்கள். இரும்பு என்று நினைத்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, சாயங்காலம் இளம் இலையில் தடவி நூல் கட்டி அடையாளம் வையுங்கள். மக்னீசியம் என்றால் அடி இலையில் எப்சம் உப்பு 5 கிராம் ஒரு லிட்டருக்கு. ஏழு முதல் பத்து நாளில் தடவிய இலை பச்சையாகி, தடவாதது அப்படியே இருந்தால் உங்கள் கணிப்பு சரி. மாற்றம் இல்லையென்றால் நஷ்டம் ஒரு இலைதான். போரானை மட்டும் இப்படி விளையாட்டாக முயற்சிக்காதீர்கள். தேவையான அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு, தோட்டக்கலை அலுவலர் சொல்லும் அளவே போதும். அங்ககச் சான்றிதழ் வாங்கியவர்கள் இந்த உப்புகளைத் தொடுமுன் சான்றளிப்பவரிடம் கேட்டுவிட வேண்டும்.

பஞ்சகவ்யம் பற்றிக் கேட்பீர்கள். பத்து லிட்டருக்கு 300 மில்லி தெளித்தால் செடிக்குத் தெம்பு வரும், நாங்களும் சொல்கிறோம். ஆனால் துத்தநாகமே இல்லாத மண்ணில் பஞ்சகவ்யம் துத்தநாகத்தைப் படைத்துவிடாது.

மண் எடுக்கும் முறை

இலை சொல்வதை மண் பரிசோதனை உறுதி செய்யும். அறுவடை முடிந்து, எரு போடுவதற்கு முன் எடுக்க வேண்டும். வரப்பு, மர நிழல், எருக்குழி ஓரம் தவிர்த்து, பத்துப் பதினைந்து இடத்தில் 'வி' வடிவத்தில் 15 சென்டிமீட்டர் ஆழம் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழாகச் சீவி எடுங்கள். துத்தநாகம் பார்க்க வேண்டுமானால் தகர வாளி வேண்டாம், பிளாஸ்டிக் வாளி போதும். எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, மறுபடி கலந்து, அரை கிலோ ஆகும்வரை இப்படியே செய்து, நிழலில் உலர்த்தித் துணிப் பையில் கட்டி, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுக்கலாம். கிருஷ்ணகிரி அருகே எலுமிச்சங்கிரியில் வேளாண் அறிவியல் மையமும், பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. 2015-ல் தொடங்கிய மண்வள அட்டையில் 12 விவரம் இருக்கும். எல்லாவற்றையும் பார்த்து மலைக்க வேண்டாம். முதலில் கார அமில நிலை 6.5-க்கும் 7.5-க்கும் நடுவில் இருக்கிறதா, அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு துத்தநாகம், போரான், கந்தகம்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரே செடியிலிருந்து இரண்டு இலை பறித்து வாருங்கள், ஒன்று அடியிலிருந்து, ஒன்று நுனியிலிருந்து. கூடவே எரு ஒரு பிடி. பாயில் பரப்பி எல்லோரும் பார்த்து, யார் தோட்டத்தில் என்ன குறை என்று பேசி, ஊக்குநர் அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். பத்து நாள் கழித்து, சோதனை இலை என்ன ஆனது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.