கிண்டிக்கு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு



காப்புரிமை அலுவலகத்தில் எக்ஸாமினராகச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அப்பா போனில் சொன்னார். குரலில் பெருமை வழிந்தது. கொருக்குப்பேட்டைக்காரர்களுக்குக் கிண்டி ஒரு காலத்தில் வேற்றூர் மாதிரி. 2021 பிப்ரவரிக்குப் பிறகு தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் போய் இறங்கிவிடலாம். நான் உன் மேசைக்கு எதிர்ப்பக்கத்து ஆள். பேட்டன்ட் ஏஜென்டாக இருந்து, உன்னைப் போன்றவர்கள் எழுப்பிய ஆட்சேபங்களுக்குப் பதில் எழுதியே தலை நரைத்தவன். அந்தப் பக்கத்திலிருந்து என்ன தெரிந்ததோ அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்தக் கோப்பு உன்னிடம் வந்திருக்கிறது என்று நான் கேட்கமாட்டேன். நீயும் சொல்லாதே, வீட்டில்கூட. நம் பேட்டை உனக்குத் தெரியும். "பாப்பா பேட்டன்ட் ஆபீஸ்ல இருக்குதாம், நம்ம பையன் ஒரு மெஷின் பண்ணியிருக்கான், அதுவே எழுதிக் கொடுத்துடும்" என்று யாராவது கட்டாயம் வருவார்கள். காப்புரிமைச் சட்டத்தின் 76ஆம் பிரிவு அதற்கு இடம் தரவில்லை. விண்ணப்பம் எழுத உதவக்கூடாது, அலுவலகப் பதிவுகளில் தேடித் தரக்கூடாது, நடக்கிற விஷயம் பற்றித் தகவல் சொல்லக்கூடாது. முகத்தில் அடித்த மாதிரி இல்லாமல் சொல்லி அனுப்பிவிடு.

ஆகவே ஒரு கற்பனை விண்ணப்பத்தை வைத்துப் பேசுவோம். துப்பாக்கியின் தொலைநோக்கிமேல் மாட்டுகிற தொலைவுமானி, அதாவது ஸ்கோப்பில் பொருத்தும் ரேஞ்ச்ஃபைண்டர். எனக்குத் துப்பாக்கி மோகம் எதுவும் இல்லை. இந்தத் தொழிலில் தடுக்கி விழ வாய்ப்புள்ள குழிகள் எல்லாம் இந்த ஒரு சின்னக் கருவியில் இருப்பதால்தான் இதை எடுத்தேன்.

முதலில் பொருளைப் புரிந்துகொள். 7.62 மில்லிமீட்டர் குண்டு 400 மீட்டர் போக அரை வினாடிக்குச் சற்று மேல் ஆகும். அரை வினாடியில் எந்தப் பொருளும் ஒன்றேகால் மீட்டர் கீழே விழும். குண்டுக்கும் அதே கதிதான். இலக்கு எவ்வளவு தூரம் என்று தெரியாமல் எவ்வளவு உயர்த்திப் பிடிப்பது? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நூறு வருஷத்துக்கு மேலாகக் கருவிகள் வந்துகொண்டிருக்கின்றன. பார், ஸ்ட்ரவுட் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1888இல் பிரிட்டிஷ் போர்த்துறை கொடுத்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு பிம்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தித் தூரம் சொல்லும் கருவியைச் செய்ய ஆரம்பித்தார்கள். இந்தியத் தரைப்படை நெடுங்காலம் கையாண்ட திராகுனோவ் துப்பாக்கியின் ஸ்கோப்பில் ஒரு வளைகோடு இருக்கிறது. 1.7 மீட்டர் உயரமுள்ள ஆள் அந்தக் கோட்டுக்கும் அடிக்கோட்டுக்கும் நடுவில் எங்கே சரியாக அடங்குகிறாரோ அங்குள்ள எண்தான் தூரம். 200இலிருந்து 1000 மீட்டர் வரை படிக்கலாம். வியட்நாம் போரின்போது அமெரிக்கரான ஜேம்ஸ் லெதர்வுட் இன்னும் ஒரு படி போனார். இலக்கு இரண்டு கோடுகளுக்குள் அடங்கும்வரை பெரிதாக்கும் வளையத்தைத் திருப்பினால், அதே வளையத்தோடு சேர்ந்த கேம் ஸ்கோப்பைச் சாய்த்துவிடும். தூரம் அளப்பதும் உயரம் திருத்துவதும் ஒரே திருப்பலில் முடிந்தது. பிறகு லேசர் வந்தது. ஒளி போய்த் திரும்பும் நேரத்தை எண்ணுகிற வேலை: 300 மீட்டருக்கு இரண்டு மைக்ரோ வினாடி.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், உன் கற்பனை விண்ணப்பதாரர் தன் விவரக்குறிப்பில் "இதுவரை வேட்டைக்காரர்கள் கண்ணால்தான் தூரத்தை மதிப்பிட்டு வந்தார்கள்" என்று ஆரம்பிப்பார். எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். நம்பிவிடாதே. எஃப்41ஜி 1/38, 1/473 ஆகிய வகைப்பாடுகளில் தேடிவிட்டு, அதோடு நிற்காமல் தூர அளவைக்கான ஜி01சி 3, ஜி01எஸ் 17 இரண்டிலும் இறங்கு. துப்பாக்கிக்காரர்களுக்குத் தெரியாதது நில அளவைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். பழைய ஆவணங்களில் சொல்தேடல் கைகொடுக்காது. பல வெறும் படங்களாகத்தான் கிடக்கின்றன. வரைபடங்களைப் பொறுமையாகப் புரட்டு. இந்தத் துறையில் ஒரு வரைபடம் பத்துப் பத்தி உரைக்குச் சமம்.

இனி உரிமைக்கோரலுக்கு வருவோம். முதல் கோரல் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "தொலைநோக்கியின் குழாயைப் பற்றும் கிளாம்ப், அக்கிளாம்பில் பொருத்திய தூரம் அளக்கும் சாதனம், இவை கொண்ட இணைப்பு." அவ்வளவுதான். கிளாம்ப் பழசு, தொலைவுமானி பழசு, ஸ்கோப் பழசு. 3(எஃப்) பிரிவு இதற்கென்றே எழுதியது போல நிற்கிறது: தெரிந்த கருவிகள் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குத் தெரிந்த வழியில் இயங்க, அவற்றை அடுக்குவதும் மாற்றி அடுக்குவதும் கண்டுபிடிப்பு ஆகாது. தையல் மெஷின்மேல் கடிகாரத்தைத் திருகி வைத்தால் நேரம் தெரியும், தையல் மாறாது.

ஆனால் இங்கேதான் அவசரப்படக்கூடாது. 3(எஃப்) என்று எழுதிவிட்டால் வேலை சுலபமாக முடிந்த மாதிரி இருக்கும். புது எக்ஸாமினர்கள் அதைத் தாராளமாக எழுதுகிறார்கள். நீ கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று தொடுகின்றனவா? தொலைவுமானி சொன்ன எண் ஸ்கோப்புக்குள் ஏதாவது செய்கிறதா? லெதர்வுட்டின் கேம் செய்தது. அளந்த தூரத்துக்கு ஏற்ப ஸ்கோப்புக்குள் குறிவைக்கும் ஒளிப்புள்ளி கீழே நகர்ந்தால் அதுவும் செய்கிறது. எண் பக்கத்தில் ஒரு சின்னத் திரையில் தெரிகிறது, மிச்சத்தைச் சுடுகிறவர் பார்த்துக்கொள்வார் என்றால் எதுவும் நடக்கவில்லை.

இன்னொரு இடமும் இருக்கிறது, எல்லோரும் தவறவிடும் இடம். கிளாம்ப்தானே என்று தள்ளிவிடுவார்கள். துப்பாக்கி ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் பின்னுக்கு உதைக்கிறது. வெளியே மாட்டிய லேசர் ஒரு மில்லி ரேடியன் விலகினாலும் 500 மீட்டரில் அரை மீட்டர் தள்ளிப் போய்விடும். இலக்கை விட்டுவிட்டுப் பக்கத்து மரத்தின் தூரத்தைச் சொல்லும். உதையைத் தாங்கி, கழற்றி மாட்டினாலும் அதே அச்சுக்குத் திரும்பி வந்து நிற்கிற பற்றியை, அதாவது கிளாம்பை, ஒருவர் செய்திருந்தால், கண்டுபிடிப்பு மின்னணுவில் இல்லை, இரும்பில்தான் இருக்கிறது. லேசர் சுற்றைப் பற்றி நாற்பது பக்கம் எழுதிவிட்டு, பற்றியைப் பற்றி இரண்டே பத்தி எழுதியிருப்பார்கள். அந்த இரண்டு பத்தியைத்தான் நீ இரண்டு முறை படிக்க வேண்டும்.

இந்தக் கண் உனக்கு ஏற்கெனவே இருக்கிறது என்பதால்தான் உன்மேல் எனக்கு நம்பிக்கை. லேத் பட்டறைக்காரர் மகள் நீ. திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலைக்கு வேலை பார்த்த டர்னர்களையும் ஃபிட்டர்களையும் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவள். (அந்தக் கம்பெனி இங்கிலாந்தில் என்ஃபீல்டு ஆயுதத் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்துத்தான் அந்தப் பெயரை வாங்கியது. அதன் பீரங்கிச் சின்னமும் அதனால்தான். நம் தெருவில் பாதிப் பேருக்கு இது தெரியாது.) "அத்துறையில் தேர்ந்த சாதாரண ஆள்" என்று சட்டம் சொல்கிறதே, அவர் யார் என்று சட்டக்கல்லூரிப் பையன்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். நீ உன் அப்பாவின் பட்டறையில் இருக்கும் மூத்த டர்னரை நினைத்துக்கொள். கை சுத்தம். எதைக் கொடுத்தாலும் பொருத்திவிடுவார். ஷிம் வைப்பார், த்ரெட் மாற்றுவார், டவ்டெயில் வெட்டுவார். ஆனால் பிரச்சினையையே வேறு கோணத்திலிருந்து பார்க்கமாட்டார். அவரிடம் யாரும் அதைக் கேட்பதும் இல்லை. அவர் ஒரு பிற்பகலில் செய்து முடிப்பது சட்டம் கேட்கும் புத்தாக்கப் படி (இன்வென்டிவ் ஸ்டெப்) ஆகாது. லேசரும் ஒளியியலும் வரும் இடத்தில் அவருக்குப் பக்கத்தில் ஒரு ஒளியியல் பொறியாளரை உட்கார வைத்துக்கொள். அந்த இருவர் குழுவுக்கு எது தெளிவாகத் தெரியும் என்று யோசி. உனக்கு எது தெளிவு என்பது இங்கே செல்லாது. நீ ஏற்கெனவே விடையைப் படித்துவிட்டவள்.

புத்தாக்கப் படிக்கு நம் நாட்டின் மூலத் தீர்ப்பே லேத் மெஷினைப் பற்றியதுதான். பிஷ்வநாத் பிரசாத் ராதே ஷியாம் எதிர் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ், உச்ச நீதிமன்றம், 1978 டிசம்பர். மிர்சாப்பூர்க்காரர்கள் பித்தளைப் பாத்திரம் கடைவதற்கு ஒரு பிடிமானம் செய்து 1951இல் விண்ணப்பித்துக் காப்புரிமை வாங்கினார்கள். பழைய முறையில் பாத்திரம் ஹெட்ஸ்டாக்கிலிருந்து பிய்ந்து பறந்து தொழிலாளியை அடிக்கும். புது முறையில் டெயில்ஸ்டாக் பக்கத்திலிருந்து ஸ்பிண்டில் அழுத்திப் பிடிக்கும். உபயோகமான வேலைதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த டெயில்ஸ்டாக் பட்டறைகளில் ஏற்கெனவே இருந்தது; கூட்டியது வெறும் பட்டறைச் சீர்திருத்தம் என்று நீதிபதி சர்க்காரியா சொல்லி, காப்புரிமையை ரத்து செய்த தனி நீதிபதியின் முடிவையே நிலைநிறுத்தினார். காப்புரிமை கொடுத்துவிட்டதால் மட்டும் அது செல்லும் என்று உத்தரவாதம் இல்லை என்றும் அதில் இருக்கிறது. சட்டப் பகுதியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். நீ மெஷினை விவரிக்கிற பகுதியைப் படி. அப்பாவிடம் கொடுத்துப் படம் போடச் சொல். எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம் அது.

கணக்கு வருகிற இடத்திலும் இதே நிதானம் வேண்டும். 30 டிகிரி சரிவில் நேர்க்கோட்டுத் தூரம் 400 மீட்டர் என்றால் குண்டுக்குக் கணக்கு ஏறக்குறைய 346 மீட்டர்தான். நவீன தொலைவுமானி இதைத் தானே கணித்துக்கொள்ளும். உடனே 3(கே), கணித முறை, அல்காரிதம் என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஃபெரித் அல்லானி வழக்கில் 2019இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னதை நினைவில் வை: தொழில்நுட்ப விளைவு இருந்தால், நிரல் இருப்பதாலேயே ஒன்று விலக்கப்பட்டுவிடாது. எண் காகிதத்தில் நிற்கிறதா, புள்ளியை நகர்த்துகிறதா என்று பார்.

துப்பாக்கி என்றாலே உனக்கு ஒவ்வாமல் இருக்கலாம். அமெரிக்க விண்ணப்பத்தில் "மான் வேட்டைக்கு" என்று எழுதியிருக்கும். நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டத்தின் கீழ் இன்று அதற்கு வழி இல்லை. 3(பி)யை எடுத்து வீசலாமா என்று தோன்றும். வேண்டாம். பழைய சட்டத்தில் "சட்டத்துக்கு விரோதமான" பயன் என்று இருந்தது. 2002 திருத்தம் அதை மாற்றிப் பொது ஒழுங்கு, ஒழுக்கம் என்று ஆக்கியது. படையும் காவல் துறையும் துப்பாக்கி விளையாட்டும் இருக்கும் நாட்டில் ஸ்கோப்பின் நோக்கமே ஒழுக்கக்கேடு என்று சொன்னால் அது நிற்காது. ஆயுதத்தை யார் வைத்திருக்கலாம் என்பதை ஆயுதச் சட்டம் பார்த்துக்கொள்ளும். உன் வேலை அது இல்லை.

ஆனால் 35ஆம் பிரிவு உன் அலுவலகத்தின் வேலை. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை, பெங்களூரு, மசூலிப்பட்டினம் என்று ஆயுத வேலையும் ஒளியியல் வேலையும் நடக்கிற பல ஊர்கள் கிண்டி அலுவலகத்தின் எல்லைக்குள். விண்ணப்பம் நாட்டின் பாதுகாப்புக்கு முக்கியம் என்று உன் மேலதிகாரியான கண்ட்ரோலருக்குத் தோன்றினால் வெளியிடாமல் நிறுத்தி மத்திய அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். கோப்பில் அப்படி ஏதாவது உன் கண்ணில் பட்டால் தயங்காமல் மேலே சொல். அதேபோல் இங்கே வசிக்கும் கண்டுபிடிப்பாளர் 39ஆம் பிரிவின்படி அனுமதி வாங்காமல் வெளிநாட்டில் முதலில் விண்ணப்பித்திருக்கிறாரா என்று தேதிகளைப் பார். கண்டுபிடித்த சந்தோஷத்தில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். சட்டம் அதற்குச் சிறைத்தண்டனைவரை வைத்திருக்கிறது.

கடைசியாக, முதல் பரிசோதனை அறிக்கை. "டி1 முதல் டி5 வரை உள்ள ஆவணங்களைச் சேர்த்துப் பார்த்தால் தேர்ந்தவருக்குத் தெளிவு" என்ற ஒற்றை வரியை நான் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அதற்குப் பதில் எழுதவே முடியாது, ஏனென்றால் அதில் எதுவும் சொல்லப்படவில்லை. கோரலின் ஒவ்வொரு உறுப்பும் எந்த ஆவணத்தில், எந்தப் படத்தில் இருக்கிறது என்று எழுது. எது இல்லை என்றும் எழுது. இல்லாத அந்த ஒன்றை டர்னரும் பொறியாளரும் ஏன் தாங்களாகவே சேர்த்திருப்பார்கள் என்று எழுது. காரணம் இல்லாத ஆணைகளை மெட்ராஸ் உயர் நீதிமன்றம் கிண்டிக்கே திருப்பி அனுப்பிய தீர்ப்புகள் பல இருக்கின்றன. ஆணை கண்ட்ரோலருடையது, ஆனால் அதன் அஸ்திவாரம் உன் அறிக்கை.

விண்ணப்பதாரருக்குப் பதில் சொல்ல ஆறு மாதம் உண்டு. கேட்டால் இன்னும் மூன்று. அவர் அகலமான கோரலைச் சுருக்கி, அச்சு மாறாமல் திரும்பி வந்து நிற்கும் அந்தப் பற்றியை மட்டும் கேட்டு வந்தால், திருத்தம் 59ஆம் பிரிவுக்குள் அடங்குகிறதா, அந்த அம்சம் முதலில் போட்ட விவரக்குறிப்பில் இருந்ததா என்று சரிபார். இருந்தால் புது ஆட்சேபம் தேடிக்கொண்டு உட்காராதே. கொடுக்கலாம் என்று எழுதி மேலே அனுப்பு.

அன்புடன்,
மாமா